வியாழனில் ஒரு காரமடை!

ஆல் பாஸ் பார்ட்டிங்க, ஒரே ஒரு அரியர் வெச்சிருக்கறவங்க, எத்தனை அரியர்னு எண்றதையே விட்டுட்டவங்க... எல்லாருக்கும் வணக்கமுங்க!

வழக்கமா இந்தப் பக்கத்துல கேன்டீன், கல்ச்சுரல்ஸ், வைவால வாங்கின பல்புன்னு ஜாலியாப் போயிட்டிருக்கும். இந்த வாரமும் பல்பு கதைதான். ஆனா, பல்பு கொடுத்தது எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் இல்லை. ஏழாம் கிளாஸ் படிக்கற ஒரு ரெட்டை ஜடை!

2024 டிசம்பர். எங்க காலேஜ் ஆஸ்ட்ரானமி கிளப்புல இருந்து (வாட்ஸ்அப் குரூப்ல நூத்திப்பத்து பேர், வேலைன்னு கூப்பிட்டா ஒன்பது பேர்) ஒரு ஆறு இன்ச் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கிட்டு காரமடை பக்கத்துல ஒரு கிராமத்து ஸ்கூலுக்குப் போனோம். காரமடை எங்க ஊருங்கறதால நான்தான் கைடு, நான்தான் பேச்சாளர், நான்தான் டெலஸ்கோப்புக்கு முக்காலி பிடிக்கற ஆளு. ஸ்கூல் மைதானத்துல ரங்கநாதர் கோயில் தேருக்கு நிக்கற மாதிரி வரிசை. அந்த மாசம் வியாழன் கிரகம் சூரியனுக்கு நேரெதிர்ப் பக்கம் இருந்துச்சு. பொழுது சாய்ஞ்ச கையோட கிழக்கே ‘பளிச்’னு வந்து நின்னுக்கிச்சு.

எல்லாப் பசங்களும் அஞ்சு செகண்ட் பார்த்துட்டு ‘ஐ!’ன்னு ஓடிட்டாங்க. ரெட்டை ஜடை மட்டும் கண்ணை எடுக்கவே இல்லை.

“அக்கா... வட்டத்துக்குக் குறுக்கால பழுப்பா ரெண்டு கோடு தெரியுதுங்க. நடுவுல வெள்ளையா இருக்குது. அது என்னுங்க்கா?”

“வெள்ளையாத் தெரியறது அம்மோனியா பனி மேகம் பாப்பா. பழுப்பா இருக்கற இடத்துல அந்த மேகம் கம்மி.”

“போயிப் பாத்தீங்ளாக்கா?”

வரிசையே சிரிச்சுது. நான் விடுவேனா? “போகாமயே தெரியும் பாப்பா. அதுக்குப் பேருதான் சயின்ஸ்!”னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். சுடிதாருக்கு ஏது காலர்னு கேக்கப்படாது!

அடுத்த வாரம் அந்த ஸ்கூல் டீச்சர் ஒரு போட்டோ அனுப்பினாங்க. வகுப்புச் சுவத்துல ஒரு சார்ட். ஸ்கெட்ச் பென்ல அழகா ஒரு வியாழன். ஒரு அம்புக்குறி போட்டு, ‘வெள்ளைப் பட்டை = அம்மோனியா பனி மேகம். சொன்னது: காலேஜ் அக்கா’ன்னு எழுதியிருந்துச்சு. பெருமை தாங்கலை. உடனே ஸ்டேட்டஸ் வெச்சுட்டேன்.

2025 ஜனவரியில வந்துச்சு ஆப்பு! இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து பேட்ரிக் இர்வின் குழு வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை. சுருக்கமாச் சொன்னா, ‘வியாழன்ல நாம பார்க்கற முக்கியமான மேகம் சுத்தமான அம்மோனியா பனியா இருக்க முடியாது. அது அதைவிட ஆழத்துல, வேற சரக்கால ஆன மேகம்.’

என் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல தானாப் போயிடும். சுவத்துல இருக்கற சார்ட்?

நெத்தியில ஒரு துப்பாக்கி

அந்தக் கட்டுரை என்ன சொல்லுதுன்னு புரியணும்னா முதல்ல ஒரு பேஸ்மென்ட் போட்டுக்கணும். பயப்படாதீங்க, ஃபார்முலா கிடையாது.

2020, 21-ல ஸ்கூல் வாசல்ல நெத்திக்கு நேரா துப்பாக்கி மாதிரி ஒண்ணை நீட்டி காய்ச்சல் பார்த்தாங்களே, ஞாபகம் இருக்கா? அது நம்மைத் தொடவே இல்லை. ஆனா டெம்பரேச்சரைச் சொல்லிடுச்சு. ஏன்னா, சூடா இருக்கற எந்தப் பொருளும் ஒளி விடும். நாம எல்லாருமே இருட்டுல மினுங்கிட்டுத்தான் இருக்கோம். அது நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியற ஒளியோட அலைநீளம் 0.4 மைக்ரான்ல இருந்து 0.7 மைக்ரான் வரைக்கும். நம்ம உடம்பு விடற ஒளி 10 மைக்ரான் பக்கத்துல உச்சத்துல இருக்கும்.

கோயமுத்தூர்க்காரங்களுக்கு இது இன்னும் ஈஸியாப் புரியும். இன்-பிளான்ட் ட்ரெயினிங்குக்கு ஒரு மில்லுக்குப் போனப்போ, எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் பேனல் போர்டு முன்னால ஒரு தெர்மல் கேமராவைப் பிடிச்சார். பார்க்க எல்லா கனெக்‌ஷனும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. கேமரா ஸ்கிரீன்ல ஒண்ணு மட்டும் வெள்ளையா எரிஞ்சுது. “லூஸ் கனெக்‌ஷனுங்க. இன்னும் பத்து நாள் விட்டா புகைஞ்சிருக்கும்”னார். அந்த கேமரா முன்னால ஒரு கறுப்பு பாலிதீன் கவரைப் பிடிங்க. கவருக்குப் பின்னாடி இருக்கற கை தெரியும்! கண்ணாடியைப் பிடிங்க. ஒண்ணும் தெரியாது! நம்ம கண்ணுக்கு மறைக்கிறது அகச்சிவப்புக்கு ஜன்னல். நம்ம கண்ணுக்கு ஜன்னலா இருக்கறது அதுக்குச் சுவர். மொத்தக் கதையும் இந்த ஒரு வரியிலதான் இருக்கு.

இந்த ஒளியைக் கண்டுபிடிச்சவர் வில்லியம் ஹெர்ஷல். 1800-ல முப்பட்டகத்துல சூரிய ஒளியைப் பிரிச்சு, ஒவ்வொரு நிறத்துலயும் தெர்மாமீட்டர் வெச்சார். சிவப்பைத் தாண்டி, ஒண்ணுமே தெரியாத இடத்துல வெச்ச தெர்மாமீட்டர்லயும் சூடு ஏறிச்சு. அங்க ஏதோ ஒளி இருக்குன்னு அவருக்குச் சொன்னது கண்ணு இல்லை, பாதரசம். 1781-ல யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடிச்சவரும் இவரேதான். யுரேனஸை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் வரும்.

ரெண்டு ஜன்னல்

வியாழன்ல நிக்கறதுக்குத் தரை கிடையாது. பூமி மாதிரி 11 உருண்டையை வரிசையா வெச்சா அதோட குறுக்களவு. அவ்வளவும் பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம். நாம பார்க்கறது மேகக் கூரையை மட்டும்தான். புத்தகத்துல மூணு மாடி போட்டிருக்கும். மேல் மாடி அம்மோனியா பனி. நடு மாடி அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்த அம்மோனியம் ஹைட்ரோசல்ஃபைடு. கீழ் மாடி தண்ணி மேகம். எந்தச் சரக்கு எந்தக் குளிர்ல உறையும்னு கணக்குப் போட்டு வந்த மாடிகள் இது.

போய்ப் பார்க்காம இதைச் சோதிக்கறது எப்படி? அகச்சிவப்பு ரெண்டு ஜன்னல் வெச்சிருக்கு.

முதல் ஜன்னல், 0.89 மைக்ரான். இது சூரிய ஒளிதான். மேகத்துல பட்டுத் திரும்பி வரும். ஆனா வியாழனோட காத்துல இருக்கற மீத்தேன் வாயு இந்த அலைநீளத்தை வெச்சு விழுங்கிடும். ஆழத்துக்குப் போன ஒளி திரும்பி வராது. உசரத்துல இருக்கற மேகத்துல பட்டது மட்டும் தப்பிச்சு வரும். அதனால இந்தப் படத்துல எது பளிச்சுன்னு இருக்கோ அது உசரம். பெரிய சிவப்புப் புள்ளி இந்தப் படத்துல சும்மா ஜொலிக்கும்.

ரெண்டாவது ஜன்னல், 5 மைக்ரான். இது சூரிய ஒளி இல்லை, வியாழனோட சொந்தச் சூடு. வியாழன் உருவானப்போ உள்ள மாட்டிக்கிட்ட சூடு இன்னும் வெளிய வந்துட்டே இருக்கு. சூரியன்கிட்ட இருந்து வாங்கறதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வெளிய விடுதுன்னு காசினி விண்கலத்தோட அளவுகளை வெச்சு 2018-ல கணக்குப் போட்டாங்க. வரவைவிடச் செலவு ஜாஸ்தி, நம்ம ஹாஸ்டல் பாக்கெட் மணி மாதிரி! இந்தச் சூடு மேல வர்ற வழியில அடர்த்தியான மேகம் இருந்தா அடைபட்டுடும். மேகத்துல ஓட்டை இருந்தா ‘குபுக்’னு வெளிய வரும். ஒரு பானை முழுக்க ஓட்டை போட்டு உள்ள விளக்கு ஏத்தி வெச்சா எப்படி இருக்கும்? 5 மைக்ரான்ல வியாழன் அப்படித்தான் இருக்கும். சாதாரணப் படத்துல பளிச்சுன்னு தெரியற வெள்ளைப் பட்டை இதுல கறுப்பு. மங்கலாத் தெரியற பழுப்புப் பட்டை இதுல நெருப்பு.

நெருப்புன்னா நிஜ நெருப்பு இல்லை. மேகத்தோட உச்சி மைனஸ் 145 டிகிரி குளிர். ஓட்டை வழியாத் தெரியற ஆழமோ தண்ணி உறையற அளவுக் குளிர்தான். ஊட்டியில உறைபனி விழற காலை மாதிரி வெச்சுக்கோங்க. வியாழன் ஊர்ல அதுதான் ‘ஹாட் ஸ்பாட்’!

1969-ல ஜேம்ஸ் வெஸ்ட்ஃபால் அமெரிக்காவுல பாலோமர் மலை மேல இருக்கற பெரிய டெலஸ்கோப்புல இந்த ஹாட் ஸ்பாட்களைப் பார்த்து எழுதினார். 2020-ல மைக்கேல் வாங் குழு, ஹவாய்ல இருக்கற ஜெமினி டெலஸ்கோப்போட 5 மைக்ரான் படத்தையும் ஹப்பிள் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. பெரிய சிவப்புப் புள்ளிக்குள்ள கறுப்பாத் தெரிஞ்ச கோடுகள் அகச்சிவப்புல எரிஞ்சுது. அது கறுப்பு மேகம் இல்லை, மேகமே இல்லாத சந்து! ஒரே ஒரு படத்தை மட்டும் பார்த்திருந்தா இது தெரிஞ்சே இருக்காது.

இதை ஏன் நம்ம மொட்டை மாடியில இருந்து செய்யறதில்லைன்னு கேக்கறீங்களா? காத்துல இருக்கற ஈரம் அகச்சிவப்பை முழுங்கிடும். அதான் 4,200 மீட்டர் உசரத்துல ஹவாய், 4,500 மீட்டர்ல லடாக்கோட ஹான்லேன்னு வறண்ட மலை உச்சியாத் தேடிப் போறாங்க. ஹான்லேல இருக்கற இந்திய டெலஸ்கோப்பை பெங்களூரு பக்கம் ஹொஸ்கோட்டேல உக்காந்து சாட்டிலைட் வழியா இயக்கறாங்க. சூப்பர்ல?

காரமடையில் விழுந்த விண்கலம்

இந்த இடத்துல எங்க ஊர் வருது. கொஞ்சம் நிமிந்து உக்காருங்க.

1995 டிசம்பர் 7. கலிலியோ விண்கலம் ஒரு சின்னக் கலத்தை வியாழனுக்குள்ளயே இறக்கிச்சு. மணிக்கு 1 லட்சத்து 70 ஆயிரம் கிலோமீட்டர் வேகத்துல பாய்ஞ்சு, பாராசூட் விரிச்சு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா தகவல் அனுப்பிட்டு உள்ளயே கரைஞ்சு போச்சு. ரெட்டை ஜடை கேட்ட ‘போயிப் பாத்தீங்ளா’வுக்கு மனுஷன் சொல்லிக்க முடிஞ்ச ஒரே பதில் அதுதான்.

பதில் என்ன தெரியுமா? எதிர்பார்த்த தண்ணியைக் காணோம்! அடர்த்தியான தண்ணி மேகம் இருக்கும்னு போனா, எலும்பு காய்ஞ்ச மாதிரி வறட்சி. வியாழன் உருவான கதையையே மாத்தி எழுதணுமோன்னு ஆளாளுக்கு மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க.

காப்பாத்துனது அகச்சிவப்புதான். ஹவாய்ல நாசாவோட அகச்சிவப்பு டெலஸ்கோப்புல எடுத்த படங்களைப் பார்த்தப்போ ஒரு விஷயம் தெரிஞ்சுது. அந்தக் கலம் இறங்கினது 5 மைக்ரான்ல எரியற ஒரு ஹாட் ஸ்பாட் பகுதியில! அத்தனை பெரிய கிரகத்துல ரொம்பக் கொஞ்ச இடத்துல மட்டும் இருக்கற மேக ஓட்டையில போய்க் கரெக்டா விழுந்திருக்கு.

எங்கப்பாகிட்ட இதைச் சொன்னேன். அப்பா கறிவேப்பிலை விவசாயம். காரமடை கறிவேப்பிலைன்னா உங்க வீட்டு ரசத்துக்கே தெரியும். காட்டுல போர் மோட்டாரை நிறுத்திட்டு வந்து உக்காந்தவர், கேட்டுட்டு ரெண்டு நிமிஷம் பேசலை. அப்புறம் மேற்கே கையைக் காட்டினார்.

“ஆடி மாசத்துல எவனாச்சும் நம்ம காட்டுல வந்து எறங்குனான்னு வெய்யி கண்ணு. காத்து அம்மியத் தூக்கும். மழ பொட்டுக்கூட இருக்காது. அவன் போயி என்னன்னு சொல்லுவான்? இந்த நாட்டுல மழையே பேயறதில்லன்னுதான சொல்லுவான்? அந்த மலைக்கு அந்தாண்ட என்ன கொட்டு கொட்டுதுன்னு அவனுக்குத் தெரியுமா?”

எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. 2019 ஆகஸ்ட்ல நீலகிரி அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை. ஒரு நாள்ல அங்க விழுந்தது, கோயமுத்தூருக்கு ஒரு வருஷம் பூரா விழறதைவிட அதிகம். ஏன்? தென்மேற்குப் பருவக்காத்து மலை ஏறும்போது குளிர்ந்து ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிடுது. இந்தப் பக்கம் இறங்கற காத்து காய்ஞ்ச காத்து. நம்ம ஊர் மழை மறைவுப் பிரதேசம்.

ஹாட் ஸ்பாட்லயும் கிட்டத்தட்ட இதே மேட்டர்தான். அங்க மலை இல்லை. ஆனா காத்து பெரிய அலையா மேலயும் கீழயும் போகுது. ஏறும்போது மேகமாகி ஈரத்தை விட்டுட்டு, இறங்கும்போது காய்ஞ்சு போய் இறங்குது. இறங்கற இடம் ஹாட் ஸ்பாட். அந்தக் கலம் விழுந்தது வியாழனோட காரமடையில! தண்ணி இல்லைன்னு அது சொன்னது பொய் இல்லை. ஆனா அது அந்தக் காட்டோட உண்மை, ஊரோட உண்மை இல்லை. 2016-ல வியாழனைச் சுத்த ஆரம்பிச்ச ஜூனோ விண்கலத்தோட அளவுகளை வெச்சு 2020-ல, நிலநடுக்கோட்டுப் பக்கம் காத்து மூலக்கூறுகள்ல சுமார் 0.25 சதவீதம் தண்ணின்னு சொன்னாங்க. தண்ணி இருக்கு பாஸ்!

காவலூரில் ஒரு மார்ச் ராத்திரி

இதெல்லாம் படிச்ச பிறகும் எனக்கு சார்ட் ஞாபகம் போகலை. ஸ்கூலுக்குப் போய் ‘தப்பாச் சொல்லிட்டேன்’னு சொல்றதா? இல்லை, புதுக் கட்டுரைதானே, நாளைக்கு இதுவும் மாறலாம், பாப்பாவும் மறந்துடும்னு விட்டுடறதா? ரெண்டாவதுதான் வசதியா இருந்துச்சு. உண்மையைச் சொல்றேன், ஒரு மாசம் அப்படித்தான் விட்டு வெச்சிருந்தேன்.

கிளப் சீனியர் அண்ணன்தான் காவலூர் கதையைச் சொன்னார். நம்ம தமிழ்நாட்டு ஜவ்வாது மலையில, ஆலங்காயம் பக்கம் இருக்கு காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால கடக்கப் போகுது. ஒரு கிரகம் நட்சத்திரத்தை மறைக்கும்போது, நட்சத்திர ஒளி அந்தக் கிரகத்தோட காத்து வழியா எப்படி மங்குதுன்னு அளந்தா, அந்தக் காத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கலாம். அகச்சிவப்பு மாதிரியே இதுவும் போகாம பார்க்கற ஒரு வழி. காவலூர்ல 1 மீட்டர் டெலஸ்கோப்புல ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் காத்திருந்தாங்க. இந்தியப் பெருங்கடல் மேல, அகச்சிவப்பு வானியலுக்காகவே டெலஸ்கோப் மாட்டின கைப்பர் விமானத்துல ஜேம்ஸ் எலியட் குழு பறந்துட்டிருந்துச்சு.

கிரகம் மறைக்கறதுக்கு முன்னாடியே நட்சத்திரம் ‘டக்’னு மங்கி மறுபடி எரிஞ்சுது. காவலூர்லயும் அது பதிவாச்சு. வேற ஏதோ ஒண்ணு நடுவுல வந்திருக்கு! பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை நேச்சர் இதழ்ல எழுதினாங்க. தலைப்பு, ‘யுரேனஸின் புதிய துணைக்கோள்’ங்கற பொருள்ல. ஆனா விமானத்துல இருந்தவங்க கிரகத்தோட ரெண்டு பக்கமும் இந்த மங்கலைப் பார்த்தாங்க. இந்தப் பக்கம் எவ்வளவு தூரத்துல மங்குச்சோ, அந்தப் பக்கமும் அதே தூரத்துல. அப்போ அது துணைக்கோள் இல்லை, வளையம்! சனிக்கு மட்டும்தான் வளையம்னு நினைச்சிருந்த காலத்துல யுரேனஸுக்கும் வளையம்.

“நம்மாளுங்க பார்த்தது நிஜம். வெச்ச பேருதான் தப்பு”ன்னார் அண்ணன். “அதுக்காக யாராச்சும் அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டாங்களா? வளையத்தைப் பார்த்தவங்க பட்டியல்ல காவலூர் பேரு இன்னிக்கும் இருக்கு. அங்க 2014-ல வந்த 1.3 மீட்டர் டெலஸ்கோப்புக்கு யாரு பேரு தெரியுமா? ஜே.சி.பட்டாச்சார்யா!”

நான் கப்சிப்.

கலர் ஃபில்டர் ஆசாமி

சரி, அந்த 2025 கட்டுரைக்கு வருவோம். அதோட ஆரம்பம் பெரிய ஆராய்ச்சிக்கூடம் இல்லைங்கறதுதான் செம மேட்டர். அமெரிக்காவுல கொலராடோவைச் சேர்ந்த ஸ்டீவன் ஹில். வியாழன் ஆராய்ச்சி அவருக்கு சொந்த ஆர்வம். கடையில கிடைக்கிற 28 சென்டிமீட்டர் டெலஸ்கோப், சில கலர் ஃபில்டர்கள், அவ்வளவுதான் சாமான். அகச்சிவப்புக்கு அடுத்த வீடான சிவப்பு ஒளியில, மீத்தேன் விழுங்கற ஒரு நிறத்துல ஒரு படம். அம்மோனியா விழுங்கற ஒரு நிறத்துல ஒரு படம். ரெண்டும் விழுங்காத நிறத்துல இன்னொரு படம். மீத்தேன் எல்லா இடத்துலயும் ஒரே அளவு கலந்திருக்கறதால, அது எவ்வளவு விழுங்கிச்சுங்கறது ஒளி எவ்வளவு ஆழம் போய்ட்டு வந்துச்சுன்னு காட்டிக் கொடுத்துடும். அந்த ஆழத்தை வெச்சு அம்மோனியா எவ்வளவு இருக்குன்னு மேப்பே போடலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு குழு இதே முறையை சிலி நாட்டுல இருக்கற மிகப் பெரிய விஎல்டி டெலஸ்கோப்போட பதிவுகள்ல போட்டுப் பார்த்தாங்க. அதுவும் அதையே சொல்லிச்சு. ஒளி திரும்பற இடம், அம்மோனியா உறையற உசரத்தைவிட நல்லாக் கீழ. அங்க இருக்கற சூட்டுல அம்மோனியா பனியா நிக்கவே முடியாது. அப்போ நாம பார்க்கற மேகம் பெரும்பாலும் அம்மோனியம் ஹைட்ரோசல்ஃபைடா இருக்கலாம், அதோட சூரிய ஒளி பட்டு உண்டான புகை மாதிரி சமாச்சாரமும் கலந்திருக்கலாம்னு முடிவுக்கு வந்தாங்க. காத்து வேகமா மேல பொங்கற சில இடங்கள்ல மட்டும் புது அம்மோனியா பனி கொஞ்ச நேரம் தலையைக் காட்டும்.

ஆக, புத்தகத்துல இருந்த மேல் மாடி நாம நினைச்ச மாதிரி இல்லை. அதைக் கிளப்பி விட்டது, வீட்டுல டெலஸ்கோப் வெச்சிருந்த ஒரு மனுஷன். ‘நம்மகிட்ட லேப் இல்லை, ஃபண்ட் இல்லை’ன்னு மினி ப்ராஜெக்ட்டை சீனியர்கிட்ட இருந்து சுடறவங்க (நான் உட்பட) கவனிக்கவும்!

நீங்களும் ஆரம்பிக்கலாம். டிவி ரிமோட்டோட முனையை செல்போன் கேமரா முன்னால பிடிச்சு பட்டனை அமுக்குங்க. கண்ணுக்குத் தெரியாத ஒளி ஸ்கிரீன்ல மினுங்கும். பின்பக்க கேமராவுல தெரியலைன்னா செல்ஃபி கேமராவுல பாருங்க. சில போன்ல பின்பக்கம் அகச்சிவப்பைத் தடுக்கற ஃபில்டர் கொஞ்சம் ஸ்ட்ராங். அடுத்த கட்டம், பழைய வெப் கேமராவுல இருந்து அந்த ஃபில்டரை எடுத்துட்டு டெலஸ்கோப்போட மாட்டறது. எங்க கிளப் இப்போ அந்த வேலையிலதான் இருக்கு. ரெண்டு கேமரா காலி, மூணாவது உயிரோட இருக்கு! வியாழன் சுமார் 13 மாசத்துக்கு ஒரு தடவை நமக்கு நேரெதிர்ல வரும். அவசரமே இல்லை.

அந்த சார்ட்

2025 மார்ச். ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் நடந்துட்டிருந்தப்போ டீச்சர்கிட்ட அனுமதி வாங்கிட்டுப் போனேன். செமினார்ல 200 பேர் முன்னாடி நடுங்காத கால் அன்னிக்கு நடுங்குச்சுங்க. நாப்பது ஜோடிக் கண்ணு முன்னாடி நின்னு, “டிசம்பர்ல உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். அது அப்படி இல்லையாம்”னு ஆரம்பிச்சு, ஓட்டைப் பானையில இருந்து ஃபில்டர் வரைக்கும் சொல்லி முடிச்சேன்.

பின் பெஞ்ச்ல இருந்து ஒருத்தன், “அப்போ அக்கா பொய் சொன்னாங்களா டீச்சர்?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரலை. ரெட்டை ஜடைதான் எந்திரிச்சு, “பொய்யில்லடா. அப்ப அவங்களுக்கு அதுதான தெரியும்”னுச்சு. அப்புறம் என்னைப் பார்த்து, “அப்ப போகாமயே தெரியும்னீங்க. போனாக்கூட தெரியாதுங்ளாக்கா?”

“போனா ஒரு காடு தெரியும் பாப்பா. ஊரு தெரியணும்னா பல இடத்துல, பல ஒளியில பார்த்துட்டே இருக்கணும்.” எங்கப்பாவோட டயலாக்கைக் கொஞ்சம் மாத்திச் சொன்னேன், அவ்வளவுதான்.

சார்ட்டைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம்னு கையை நீட்டினேன். விடலை. ஸ்கெட்ச் பென்னை எடுத்து, பழைய வரி மேல ஒரே ஒரு கோடு போட்டுச்சு. அடிச்சாலும் படிக்கற மாதிரி கோடு. கீழ, ‘2025: அதுக்கும் ஆழத்துல இருக்கற வேற மேகமா இருக்கலாம். சொன்னது: அதே காலேஜ் அக்கா’ன்னு எழுதுச்சு. அதுக்குக் கீழ ஒரு ஜாண் இடத்தைக் காலியா விட்டு கட்டம் கட்டிச்சு.

“இது எதுக்கு பாப்பா?”

“அப்பறமும் மாறுச்சுன்னா எழுத இடம் வேணுமில்லீங்ளாக்கா?”

திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியா நீலகிரி மேல மேகம் உக்காந்திருந்துச்சு. மேல குன்னூர்ல என்ன நடக்குதுன்னு இங்க இருந்து ஒண்ணும் தெரியலை. மழையாக்கூட இருக்கலாம்.

உங்க காலேஜ் சுவத்துலயும் யாராச்சும் நீங்க சொன்னதை எழுதி வெச்சிருப்பாங்க. ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்க. அடுத்த வாரம் சந்திப்போம்... வரட்டுங்களா!